எட்டு ஆண்டு, நூறு மில்லியன்: ஐஸ் ஹாக்கி ஒப்பந்தங்களை ரசிகர்கள் எப்படி எடை போடுகிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜூலை 1 அன்று ஐஸ் ஹாக்கி ஆட்டம் எதுவும் நடக்காது. ஆனாலும் கனடாவின் ஹாக்கி ரசிகர்கள் போனிலிருந்து கண்ணை எடுக்காத நாள் அது. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் எந்த அணியோடும் பேசிக் கையெழுத்திடலாம் என்று சந்தை திறக்கும் நாள். யாருக்கு எத்தனை மில்லியன், எத்தனை ஆண்டு என்ற செய்தி வந்த சில நிமிடங்களில் தீர்ப்பும் வந்துவிடும். டொராண்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் பிள்ளைகள் வளர்ந்த தமிழ் வீடுகளுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. பெற்றோருக்குத்தான் பாதி புரிவதில்லை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிப்பவர்களுக்கு முழுவதுமே புதிதாக இருக்கும். இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்.

பணம் போவது முதலாளியின் பையிலிருந்து. ரசிகருக்கு ஏன் வலிக்கிறது?

2005க்கு முன்னால் கேட்டிருந்தால் இது சரியான கேள்வி. 2004-05 பருவத்தில் முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். ஒரு ஆட்டம்கூட நடக்காமல் முழுப் பருவமும் போனது. அது முடிந்தபோது சம்பள உச்சவரம்பு வந்தது. ரசிகர்கள் அதைச் சுருக்கமாக கேப் என்பார்கள். 2005-06இல் ஓர் அணி வீரர்களுக்காகச் செலவழிக்கக்கூடிய தொகை 39 மில்லியன். 2025-26இல் அது 95.5 மில்லியன். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. அபராதம் கட்டிவிட்டு மீறுகிறேன் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ஐபிஎல் ஏலம் பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். 2025 பருவத்துக்கான ஏலத்தில் ரிஷப் பந்துக்கு 27 கோடி கொடுத்த லக்னோ, அதை 120 கோடிக்குள்தான் அடக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குக் கூட்டினால் மற்றவர்களுக்குக் குறையும். வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. ஐபிஎல்லில் சில வருடங்களுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். ஹாக்கியில் ஒரு தவறு எட்டு வருடம் கூடவே வரும். 23 பேர் கொண்ட அணியில் ஒருவர் தகுதிக்கு மேல் 3 மில்லியன் வாங்கினால், மூன்றாவது வரிசையில் ஆடும் ஒரு நல்ல வீரரை விட்டுவிட வேண்டியிருக்கும். ரசிகருக்கு வலிப்பது அந்த இழப்புதான்.

எந்த எண்ணை முதலில் பார்க்கிறார்கள்?

மொத்தத் தொகையை இல்லை, கேப் ஹிட்டை. மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்தால் வரும் சராசரி அது. எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியின் கானர் மெக்டேவிட் 2017இல் 8 ஆண்டுக்கு 100 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். கேப் ஹிட் 12.5. பிட்ஸ்பர்க்கின் சிட்னி கிராஸ்பி 2012இல் 12 ஆண்டுக்கு 104.4 மில்லியன்; கேப் ஹிட் 8.7. கிராஸ்பியின் தொகை பெரிது, ஆனால் அணியைக் குறைவாக அழுத்துவது அவர் ஒப்பந்தம்தான்.

கொஞ்சம் ஆழமாகப் போகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, தொகையில் எவ்வளவு சம்பளமாக வருகிறது, எவ்வளவு கையெழுத்து போனஸாக வருகிறது என்பது. போனஸாக வரும் பணத்தை, அணி பிறகு ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தாலும் குறைக்க முடியாது. இரண்டாவது, வீரர் சம்மதிக்காமல் அவரை வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற நிபந்தனை. நோ மூவ்மென்ட் கிளாஸ் என்பார்கள். பெரிய தொகை, போனஸ், இந்த நிபந்தனை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அணிக்கு வெளியேறும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

17 மில்லியன் என்றால் வரலாற்றிலேயே அதிகம். அப்படியானால் அதுதான் மிகவும் அதிகப்படியான ஒப்பந்தமா?

இல்லை. இந்த இடத்தில்தான் பேச்சு பெரும்பாலும் வழிதவறுகிறது.

2025 செப்டம்பர் கடைசியில் மினசோட்டா வைல்ட் அணி கிரில் கப்ரிசோவுக்கு 8 ஆண்டுக்கு 136 மில்லியன் கொடுத்தது. ஆண்டுக்கு 17. லீக்கில் அதுவரை யாரும் வாங்காத தொகை. "பைத்தியமா?" என்று கேட்டவர்கள் ஏராளம். ஆனால் அந்த ஒப்பந்தம் தொடங்குவது 2026-27இல். அந்தப் பருவத்துக்கு லீக் முன்கூட்டியே அறிவித்திருந்த கேப் 104 மில்லியன். 17ஐ அதில் வைத்துப் பார்த்தால் 16.3 சதவீதம்.

இப்போது பின்னோக்கிப் போங்கள். மெக்டேவிட்டின் 12.5 தொடங்கிய 2018-19இல் கேப் 79.5. அது 15.7 சதவீதம். வாஷிங்டனின் அலெக்ஸ் ஓவெச்கின் 2008 ஜனவரியில் 13 ஆண்டுக்கு 124 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். கேப் ஹிட் சுமார் 9.54. அது தொடங்கிய 2008-09இல் கேப் 56.7. கணக்குப் போட்டால் 16.8 சதவீதம். ஆகப் பெரிய பங்கு பதினேழு வருடம் பழைய ஓவெச்கின் ஒப்பந்தத்துக்குத்தான் போகிறது.

மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே பங்குதான் என்பதைப் பார்த்த பிறகு, வெறும் டாலரை வைத்துக் கோபப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தனி ஒருவருக்கு கேப்பில் 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது விதி. அந்த 20ஐ நெருங்குகிறதா, எத்தனை வருடம் நெருங்கி நிற்கப்போகிறது என்று பாருங்கள்.

கேப் ஏறிக்கொண்டே போனால் எல்லா ஒப்பந்தமும் கடைசியில் மலிவாகிவிடாதா?

ஏறினால் ஆகும். ஏறாத காலமும் உண்டு. கொரோனா வந்து அரங்கங்கள் காலியானபோது 2019-20, 2020-21, 2021-22 மூன்று பருவமும் கேப் 81.5லேயே நின்றது. அடுத்த இரண்டு வருடமும் ஒவ்வொரு மில்லியன்தான் கூடியது. கேப் ஏறும் என்று நம்பி 2018, 2019இல் பெரிய தொகை எழுதிய அணிகள் அகப்பட்டுக்கொண்டன. அதிகமாக அகப்பட்டது டொராண்டோ. அதற்குத் தனியாக வருகிறேன்.

இப்போது நிலைமை தலைகீழ். 2024-25இல் 88 ஆக ஏறியது; அடுத்து 95.5, 104, 2027-28க்கு 113.5 என்று லீக் 2025 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. அதனால் 2023இல் "அதிகம்" என்று திட்டு வாங்கிய ஒப்பந்தங்கள் பல இன்று சாதாரணமாகத் தெரிகின்றன. வீரர் மாறவில்லை, கேப்தான் மாறியது. இதில் மேலாளருக்குக் கைதட்டுவதற்கு முன்னால் அதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

எட்டு ஆண்டு என்ற எல்லை எங்கிருந்து வந்தது?

அதற்கு முன்னால் எல்லையே இல்லை. நியூயார்க் ஐலண்டர்ஸ் 2006இல் கோல்கீப்பர் ரிக் டிபியெட்ரோவுக்கு 15 ஆண்டு, 67.5 மில்லியன் எழுதியது. காயங்கள் அவரை விடவில்லை. 2013இல் அணி பணம் கொடுத்து விலக்கியது, ஆண்டுக்கு 1.5 மில்லியன் வீதம் 2029 வரை அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நியூஜெர்சி டெவில்ஸ் 2010இல் இல்யா கோவல்சுக்குக்கு 17 ஆண்டு, 102 மில்லியன் கொடுத்தது. நடு ஆண்டுகளில் 11.5 மில்லியன், கடைசி ஐந்து ஆண்டுகளில் வெறும் 5.5 லட்சம் டாலர். 44 வயது வரை ஆடுவார் என்று யாரும் நம்பவில்லை. சராசரியைக் குறைப்பதற்காகவே வாலை நீட்டியிருக்கிறார்கள் என்று லீக் நிராகரித்தது. நடுவர் ரிச்சர்ட் பிளாக் லீக் பக்கம் தீர்ப்பளித்தார். பிறகு 15 ஆண்டு, 100 மில்லியன் என்று மாற்றி எழுதினார்கள். அதிலும் 12 ஆண்டும் 77 மில்லியனும் பாக்கி இருக்கும்போது, 2013இல் அவர் ஓய்வு அறிவித்துவிட்டு ரஷ்யா போய் ஆடினார்.

2012-13இல் மறுபடியும் கதவடைப்பு; பருவம் 48 ஆட்டமாகச் சுருங்கியது. அதன் முடிவில்தான் சொந்த வீரருக்கு 8, வெளியிலிருந்து வருபவருக்கு 7 ஆண்டு என்று எல்லை வந்தது. பழைய நீண்ட ஒப்பந்தக்காரர்கள் முன்கூட்டி ஓய்வு பெற்றால் அணிக்கு கேப்பில் தண்டனை என்ற விதியும் சேர்ந்தது. வான்கூவர் ரசிகர்களுக்கு இது இன்னும் ஆறவில்லை: ராபர்ட்டோ லுவாங்கோ ஃப்ளோரிடாவுக்குப் போய் ஐந்து வருடம் கழித்து 2019இல் ஓய்வு பெற்றபோது, வான்கூவரின் கேப்பிலிருந்து மூன்று பருவத்துக்கு ஆண்டுக்கு 3 மில்லியன் போனது. எழுதிய காலத்தில் அனுமதிக்கப்பட்ட ஒப்பந்தத்துக்குப் பின்னால் வந்த விதியால் தண்டனை. அது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய உடன்படிக்கையில் எல்லை 7, 6 என்று இன்னும் குறைகிறது.

மோசமான ஒப்பந்தம் எப்படிப் பிறக்கிறது?

பெரும்பாலும் ஒரே வழியில்: போன வருடத்துக்கான விலையை வரப்போகும் எட்டு வருடத்துக்குக் கொடுப்பதால். ஹாக்கி முன்கள வீரர்கள் இருபதுகளின் நடுவில் உச்சம் தொடுவார்கள். ஆனால் முழு சுதந்திரத்தோடு சந்தைக்கு வருவது பெரும்பாலும் 27 வயதில், அல்லது ஏழு பருவம் ஆடிய பிறகு. விலை உச்சத்தில் இருக்கும், ஆட்டம் இறங்கத் தொடங்கும்.

ஜோனதன் ஹுபர்டோ 2021-22இல் ஃப்ளோரிடாவுக்காக 115 புள்ளி எடுத்தார். கோலும் கோலுக்கு உதவியும் சேர்ந்ததுதான் புள்ளி. அடுத்த கோடையில் மேத்யூ கச்சக்குக்கு மாற்றாக கால்கரிக்கு அனுப்பப்பட்டார். பெரிய நட்சத்திரங்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்ற பதற்றத்தில் இருந்த கால்கரி, புதிய சட்டையில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில் 8 ஆண்டு, 84 மில்லியன் எழுதியது. அடுத்த பருவத்தில் அவர் எடுத்தது 55 புள்ளி. கவனியுங்கள், அந்த 84 மில்லியன் ஒப்பந்தம் அப்போது தொடங்கவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு.

கால்கரி ரசிகர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரங்கில் அவரைப் பார்த்துக் கூச்சலிடுவது புரியவில்லை. ஃப்ளோரிடாவில் வேகமான எதிர்த்தாக்குதலில், பழகிய கூட்டாளிகளோடு ஆடியவர் அவர். வேறு விதமான அணியில் அதே புள்ளி வருமா என்று யோசிக்க வேண்டியது ஒப்பந்தம் நீட்டிய மேலாளர். நீட்டியதை வாங்கிக்கொண்டது குற்றமாகாது.

நல்ல ஒப்பந்தம்?

அதுவும் பெரும்பாலும் ஒரே வழியில்தான் பிறக்கிறது. 21, 22 வயதுக்காரரை, இன்னும் முழுமையாக நிரூபிக்காத நேரத்தில், நீண்ட காலத்துக்குக் கட்டிப்போடுவது. எட்மண்டன் 2017இல் லியோன் டிரைசைட்டிலுக்கு 8 ஆண்டு, ஆண்டுக்கு 8.5 மில்லியன் கொடுத்தபோது வந்த எதிர்ப்பை இன்று படித்தால் ஆச்சரியமாக இருக்கும். முந்தைய பருவத்தில் 77 புள்ளி எடுத்திருந்தார்; மெக்டேவிட் பக்கத்தில் ஆடியதால் வந்தது, அதற்குப் போய் இவ்வளவா என்றார்கள். 2019-20இல் அவர் 110 புள்ளியோடு லீக்கின் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை வாங்கினார். 2024இல் அடுத்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 14 மில்லியன்.

கொலராடோவின் நேதன் மெக்கின்னன் 2016இல் 7 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 6.3 மில்லியன் என்று கையெழுத்திட்டார். 2022இல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோதும் அதே 6.3தான். உலகின் முதல் மூன்று வீரர்களில் ஒருவரை இரண்டாம் வரிசை வீரரின் விலையில் வைத்திருந்ததால் மிஞ்சிய பணத்தில்தான் அந்த அணி எல்லா வரிசையிலும் பலமாக இருந்தது. பிறகு அவர் விலை சரியாக இரண்டு மடங்கானது, 12.6.

டொராண்டோ ரசிகர்கள் மட்டும் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்கள்?

மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பை வென்றது 1967இல். முதல் காரணம் அது. இரண்டாவது காரணம் நான்கு கையெழுத்து.

2018 ஜூலையில் ஜான் டவாரெஸ், ஆண்டுக்கு 11 மில்லியன். அதே டிசம்பரில், கெடு முடியும் கடைசி நாளில் வில்லியம் நைலாண்டர், சுமார் 7. 2019 பிப்ரவரியில் ஆஸ்டன் மேத்யூஸ், 11.6. செப்டம்பரில் மிட்ச் மார்னர், 10.9. நான்கு பேரும் சேர்ந்து 40.5 மில்லியன். கேப் 81.5இல் உறைந்து நின்றது. அதாவது அணியின் பாதிப் பணம் நான்கு முன்கள வீரர்களுக்கு, மீதிப் பாதி கோல்கீப்பர், தடுப்பாளர்கள் உட்பட மற்ற எல்லோருக்கும். சாதாரணப் பருவத்தில் அவர்கள் வென்றார்கள், கோல் மழை பொழிந்தார்கள். பிளேஆஃப் வந்தால் முதல் சுற்றிலேயே வீடு திரும்பினார்கள். 2004க்குப் பிறகு ஒரு சுற்றை வெல்ல 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் நைலாண்டர் கதையை விட்டுவிட முடியாது. ஒப்பந்தப் பேச்சு இழுத்ததால் தாமதமாக வந்தவர், அந்தப் பருவத்தில் 54 ஆட்டத்தில் 27 புள்ளிதான் எடுத்தார். ஊரே அவரை விற்கச் சொன்னது. 2022-23இல் 40 கோல், அடுத்த பருவத்தில் 98 புள்ளி. அதே 7 மில்லியன், ஐந்தாவது வருடத்தில் லீக்கின் மிகச் சிறந்த ஒப்பந்தங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. மார்னர் வழி வேறு: ஊர்ப் பையன், டொராண்டோ பக்கத்து மார்க்கமில் பிறந்தவர், வருடா வருடம் தொண்ணூறு, நூறு புள்ளி எடுத்தவர். பிளேஆஃப் தோல்விகளின் பாரம் முழுவதையும் அவர் தலையில் ஏற்றினார்கள். 2025இல் வேகாஸ் போய் ஆண்டுக்கு 12 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார்.

தனித்தனியாகப் பார்த்தால் அந்த நான்கில் எதுவும் கொடுமையான ஒப்பந்தம் இல்லை. நான்கையும் ஒரே அணியில், ஒரே நேரத்தில், கேப் ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் அடுக்கியதுதான் பிரச்சினை. ஒப்பந்தத்தை எப்போதும் பக்கத்திலிருக்கும் ஒப்பந்தங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கோப்பை வென்றால் எல்லாம் மன்னிக்கப்படுமா?

செர்கேய் பாப்ரோவ்ஸ்கியைப் பற்றிப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதை இரண்டு முறை வாங்கியவர். 2019 ஜூலை 1 அன்று, 30 வயதில், ஃப்ளோரிடா பாந்தர்ஸ் 7 ஆண்டு, 70 மில்லியன் கொடுத்தது. முதல் பருவத்தில் அவர் தடுத்தது 100க்கு 90 ஷாட். அந்த விலைக்கு மிகவும் குறைவு. கோல்கீப்பருக்கு வயதான பிறகு நீண்ட ஒப்பந்தம் கொடுக்காதே என்ற வாதத்துக்கு எல்லோரும் அவரையே உதாரணம் காட்டினார்கள். ஸ்பென்சர் நைட் என்ற இளம் கோல்கீப்பர் வந்ததும், பாப்ரோவ்ஸ்கியை எப்படிக் கழற்றிவிடுவது என்ற பேச்சுதான்.

2023 பிளேஆஃப் தொடங்கும்போது அவர் பெஞ்சில் இருந்தார். வலைக்கு முன்னால் அலெக்ஸ் லயன் நின்றார். 65 வெற்றியோடு லீக் சாதனை படைத்திருந்த பாஸ்டனுக்கு எதிராக, தொடரின் நடுவில் பாப்ரோவ்ஸ்கி உள்ளே வந்தார். பாஸ்டன் வீழ்ந்தது. அடுத்து டொராண்டோ. கரோலினாவுடன் நான்கு கூடுதல் நேரம் ஓடிய ஆட்டத்தில் 63 ஷாட்களைத் தடுத்தார். அந்த வருடம் இறுதிப் போட்டியில் வேகாஸிடம் தோற்றார்கள். 2024இல் எட்மண்டனுடன் ஏழாவது ஆட்டம் வரை போய் 2-1 என்று வென்றார்கள். 2025இல் மறுபடியும் எட்மண்டன், மறுபடியும் கோப்பை.

இப்போது கேள்வி: 2021இல் அதை மோசமான ஒப்பந்தம் என்றவர்கள் தவறு செய்தார்களா? இல்லை என்பேன். 30 வயது கோல்கீப்பருக்கு ஏழு ஆண்டு, ஆண்டுக்கு 10 மில்லியன் என்பது அன்றைக்கு ஆபத்தான முடிவு. இன்றைக்கு எழுதினாலும் ஆபத்துதான். மான்ட்ரியால் கேரி பிரைஸுக்கு 8 ஆண்டுக்கு ஆண்டுக்கு 10.5 எழுதியது, முழங்கால் ஒத்துழைக்காமல் 2022 ஏப்ரலுக்குப் பிறகு அவரால் ஆடவே முடியவில்லை. இரண்டும் ஒரே வகை முடிவு, விளைவு வேறு. ஃப்ளோரிடா ரசிகர்கள் நன்றியோடு இருப்பது சரி. ஆனால் "கோப்பை வந்தது, அதனால் அது புத்திசாலித்தனமான ஒப்பந்தம்" என்று சொல்லும்போது, கெட்டியான காரணமும் நல்ல நேரமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பாப்ரோவ்ஸ்கி அந்தப் பணத்தைச் சம்பாதித்துக் காட்டினார். அந்தப் பெருமை முழுவதும் அவருடையது.

ஃப்ளோரிடாவில் வரி இல்லை, அதனால்தான் அவர்களுக்கு மலிவாகக் கிடைக்கிறார்கள் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. ஃப்ளோரிடா, டெக்சாஸ், நெவாடா, டென்னசி, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. ஒன்டாரியோவிலோ மத்திய, மாகாண வரி சேர்ந்து மேல்நிலை வருமானத்தில் பாதிக்கு மேல் போகும். 57 கோல் அடித்த சாம் ரைன்ஹார்ட் 2024இல் 8.625 மில்லியனுக்கு ஃப்ளோரிடாவில் தங்கியதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

ஆனால் இதே ஃப்ளோரிடா, இதே வரி, 2001 முதல் 2011 வரை ஒரு முறைகூட பிளேஆஃப் போகவில்லை. வெயிலும் வரியும் அப்போதும் இருந்தன. நல்ல அணி இருந்தால் வரிச் சலுகை உதவும். நல்ல அணியை அது கட்டித் தராது. குஸ்தாவ் ஃபோர்ஸ்லிங்கை 2021இல் வேறு அணி கைவிட்ட பட்டியலிலிருந்து இலவசமாக எடுத்து, முதல்தரத் தடுப்பாளராக்கி, பிறகு 5.75 மில்லியனுக்கு எட்டு ஆண்டு தக்கவைத்தார்களே, அதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை.

தப்பான ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர முடியாதா?

பைஅவுட் என்று ஒரு வழி உண்டு. 26 வயது நிரம்பியவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து விலக்கலாம். அதை மீதி ஆண்டுகளின் இரண்டு மடங்கு காலத்துக்குப் பரப்பிக் கொடுப்பார்கள். கேப்பில் அந்தச் சுமை கூடவே இருக்கும்.

மினசோட்டா இதில் பட்ட பாடு பெரியது. 2012 ஜூலை 4 அன்று ஒரே நாளில் சாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவருக்கும் ஆளுக்கு 13 ஆண்டு, 98 மில்லியன் கொடுத்தது. ஊரே கொண்டாடியது. 2021இல் இருவரையும் ஒன்றாக விலக்கியது. விளைவாக 2023-24, 2024-25 இரண்டு பருவமும், அணியில் இல்லாத இரண்டு பேருக்காக ஆண்டுக்கு 14.7 மில்லியன் கேப் வீணாகப் போனது. ஒரு மெக்டேவிட்டின் விலையைவிட அதிகம். அந்தப் பாரம் இறங்கிய ஆண்டில்தான் கப்ரிசோவோடு பேச்சு முடிந்தது. 17 மில்லியனுக்கு மினசோட்டா ஏன் தலையசைத்தது என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு வருடம் பொறுத்திருந்த ஊருக்கு, அன்று இருந்த ஒரே பெரிய நட்சத்திரமும் போயிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

காயம்பட்டவரின் தொகையை கேப்பிலிருந்து விலக்கலாமாமே?

நீண்ட காலக் காயம் என்றால் கேப்புக்கு மேலே செலவழிக்க அனுமதி உண்டு. டாம்பா பே 2021இல் சாதாரணப் பருவம் முழுவதும் ஆடாத நிகிதா குச்செரோவைப் பிளேஆஃப் முதல் நாளில் இறக்கியது. பிளேஆஃபில் கேப் கணக்கு கிடையாது என்பதால் வரம்பைவிட சுமார் 18 மில்லியன் அதிகமான அணியோடு கோப்பை வென்றது. விதியை மீறவில்லை, விதியில் ஓட்டை இருந்தது. 2025-26 முதல் பிளேஆஃபுக்கும் கேப் வந்துவிட்டது.

இந்த எண்களை எல்லாம் ரசிகர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

நெடுங்காலம் கேப்ஃப்ரெண்ட்லி என்ற தளம்தான் எல்லோருக்கும் துணை. மேலாளர்களே அதைப் பார்ப்பார்கள் என்ற அளவுக்கு நம்பகமானது. 2024இல் வாஷிங்டன் கேபிடல்ஸ் அதை வாங்கித் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது, பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இப்போது பெரும்பாலானவர்கள் பக்பீடியா பார்க்கிறார்கள்.

கோப்பை வேண்டும் என்றால் நட்சத்திரங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாமா?

கேட்கும் உரிமை ரசிகருக்கு இல்லை என்பது என் கருத்து. லீக்கின் ஹாக்கி வருமானம் வீரர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாதிப்பாதி என்பது உடன்படிக்கை. ஒரு நட்சத்திரம் விட்டுக்கொடுக்கும் தொகை டிக்கெட் விலையைக் குறைக்காது. இன்னொரு வீரருக்குப் போகும். அவர் விரும்பிக் கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. முப்பத்தைந்து வயதில் முடிந்துவிடக்கூடிய தொழிலில், தோளும் முழங்காலும் தேய ஆடுபவரிடம், "ஊருக்காகக் குறைத்துக்கொள்" என்று கட்டளை போடுவது எனக்கு உறுத்துகிறது. கிராஸ்பி 2024இலும் அதே 8.7க்குக் கையெழுத்திட்டார். அதற்காக அவரைக் கொண்டாடலாம். அதைக் காட்டி இன்னொருவரை வையக்கூடாது.

இனி எந்த ஒப்பந்தத்தைக் கவனிப்பது?

மெக்டேவிட். 2025 அக்டோபரில் அவர் கையெழுத்திட்டது வெறும் இரண்டு ஆண்டுக்கு, அதுவும் பழைய 12.5க்கே. கப்ரிசோவின் 17 வந்து சில நாட்களில் இது வந்தது. அணிக்கு ஆண்டுக்குப் பல மில்லியன் இடம் விட்டுக்கொடுத்திருக்கிறார், ஆனால் காலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2024, 2025 இரண்டு இறுதிப் போட்டியிலும் ஃப்ளோரிடாவிடம் தோற்ற அணிக்கு, இந்தப் பணத்தை வைத்து இரண்டு வருடத்துக்குள் கோப்பைக்குரிய அணியைக் கட்டிக் காட்டுங்கள் என்று சொல்வதாகத்தான் எட்மண்டன் ரசிகர்கள் பலர் இதை எடுத்துக்கொண்டார்கள்; நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஒப்பந்தம் 2026-27இல் தொடங்கி 2028 கோடையில் முடிகிறது. அப்போது அவருக்கு 31 வயது, கேப் 113.5ஐத் தொட்டிருக்கும், அந்த ஜூலை 1 அன்று அவர் எந்த அணியோடும் பேசலாம்.